பட்டியலில் பத்தாவது

குஞ்சிதபாதம் சார் ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் புத்தகங்களைப் பற்றி அவர் பேசிக் கேட்காத காது அந்த வட்டாரத்தில் கிடையாது. மன்னார்குடியிலிருந்து திருப்பனந்தாள் வரை எங்கே மைக் கட்டினாலும் அவருக்கென்று ஒரு நாற்காலியும் ஒரு சால்வையும் தயாராக இருக்கும். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்று இருபது வருஷம் ஆகிறது. வயது எழுபத்தெட்டு. குரல் மட்டும் நாற்பதிலேயே நின்றுவிட்டது.

ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. பேச்சுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் யாராவது தமிழாசிரியையிடமோ நூலகரிடமோ போய், கண் சரியில்லை, கொஞ்சம் குறிப்பு எழுதிக் கொடுங்கள் என்பார். அவர்களும் பெரிய மனுஷர் கேட்கிறாரே என்று ராப்பகலாகப் படித்து எழுதிக் கொடுப்பார்கள். அதைக் காரில் வரும்போது இரண்டு தரம் பார்த்துக்கொள்வார். மேடையேறினால் அந்தப் புத்தகத்தோடு கூடப் பிறந்தவர் மாதிரி வெளுத்து வாங்குவார். எழுதிக் கொடுத்தவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவார். நம் பக்கத்து மேடைகளில் பாதி இப்படித்தான் ஓடுகிறது, இதில் யாருக்கும் வெட்கமும் கிடையாது.

அக்டோபர் மாதத்தில் ஒருநாள் அவர் குடையை மடக்கிக்கொண்டு தன் ஊர்க் கிளை நூலகத்துக்கு வந்தார். நவம்பரில் நூலக வார விழா. இந்த வருஷம் அவர் பேசப்போகும் தலைப்பு, மனிதர்களைப் புரிந்துகொள்ளப் படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்கள். பத்தையும் நூலகரே தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் சாரமும், உருக்கமான சம்பவம் ஒன்றும் எழுதிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றார். பத்தும் உளவியல் புத்தகமாக இருக்கட்டும், வெளிநாட்டுப் பெயர் நாலைந்து கலந்திருந்தால் எடுப்பாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். நூலகர் செம்மொழி சரியென்று தலையாட்டினாள். அவர் அவளை மூன்று தரம் "அம்மா" என்று கூப்பிட்டார். ஒரு தரம்கூட அவள் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அவரிடம் படித்துவிட்டுப் போன ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் அவள் ஒருத்தி. அவளுக்கோ அவர் ஒருத்தர்தான். இருபத்தாறு வருஷமாக அந்த ஒருத்தரை அவள் மனசுக்குள் தினமும் வறுத்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். 1999இல் அவள் பத்தாம் வகுப்பு. பள்ளி நூலகத்திலிருந்து மனத்தைப் பற்றிய நீல அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்துப் போனாள். நூலகப் பொறுப்பாசிரியர் வராத நாளில் புத்தகத்தைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். அப்படியே வைத்தாள். ஆகஸ்டில் கணக்கெடுத்தபோது புத்தகத்தைக் காணோம், பதிவேட்டில் கடைசிப் பெயர் அவளுடையது. மறுநாள் காலை வழிபாட்டில், எண்ணூறு பிள்ளைகளுக்கு முன்னால் அவளைத் தனியாக நிறுத்தி, குஞ்சிதபாதம் மைக்கில் சொன்னார்: "படிக்கக் குடுத்தா வீட்டுக்குக் கொண்டுபோயி அடுப்பெரிக்கிற கூட்டம். இதுங்களுக்குப் புத்தகம் ஒரு கேடு."

எந்தக் கூட்டத்தைச் சொன்னார் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் தெற்குத்தெருவிலிருந்து வந்தவள். அப்பா அண்ணாதுரை அப்போது அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தத் தெருவிலேயே எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்த மனுஷர் அவர்தான். காலையில் டீக்கடையில் பேப்பரை விரித்து, பத்துப் பேர் சுற்றி நிற்க உரக்கப் படித்துக் காட்டுவார். பெண் பிறந்ததும் செம்மொழி என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

அவரை வரச்சொன்னார்கள். வராந்தாவுக்குக் கீழே, வெயிலில், தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். டி.சி.யைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவேன் என்று மேலிருந்து மிரட்டல் வந்தபோது, "புள்ள தெரியாம எடுத்துருச்சுங்க ஐயா, மன்னிச்சு விட்டுருங்க" என்றார். வாய்க்கால் கரையில் திரும்பி நடந்தபோது அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்குப் பிறகு டீக்கடையில் பேப்பரைத் தொடவுமில்லை.

அன்றோடு அவர் படிப்பு நடக்கிற எந்தக் கட்டடத்துக்குள்ளும் கால் வைப்பதை நிறுத்திவிட்டார். கல்லூரியில் அவள் பட்டம் வாங்கிய அன்று வெளிவாசலில் நின்றார். நூலகர் வேலை கிடைத்துச் சொன்னபோது, "புத்தகமெல்லாம் பத்திரமா பாத்துக்க மொழி" என்று மட்டும் சொன்னார். இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர் சம்பா போடுகிறார். மத்தியானம் அவளுக்குச் சோறு கொண்டுவந்தால் நூலக வாசலில் வேப்பமரத்தடியில் நின்று கொடுத்துவிட்டுப் போகிறார். உள்ளே வாருங்கள் என்று அவள் கூப்பிடாத நாளில்லை. அவமானப்பட்ட மனுஷன், படிப்பு என்றாலே சுடுகிறது என்று அவள் நினைத்தாள். அப்பா ஒரு தரமாவது அந்தப் படியேறி உள்ளே வரவேண்டும், வந்து ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். இது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்கு எதைச் செய்யவும் அவள் தயாராக இருந்தாள்.

ஐந்து வருஷம் முன்னால் அதற்கு ஒரு வழி, இரண்டு சாக்கு மூட்டையாக வந்து இறங்கியது. வீட்டை இடித்துக் கட்டிய குஞ்சிதபாதம், பழைய புத்தகங்களை நூலகத்துக்கு நன்கொடையாக அனுப்பியிருந்தார். தூசி தட்டி அடுக்கியபோது நீல அட்டை கண்ணில் பட்டது. உள்ளே பள்ளியின் முத்திரை. நடுவில் ஒரு துண்டுச் சீட்டு, அவருடைய கையெழுத்தில். "14.11.99, குழந்தைகள் தின உரை. பக்கம் 31, 40." அப்போதெல்லாம் எழுதிக் கொடுக்க ஆள் இல்லை போலிருக்கிறது, பாவம், அவரே நாலு பக்கம் புரட்டியிருக்கிறார்.

அந்த உரை அவளுக்கு ஞாபகம் இருந்தது. மணலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். குழந்தையின் மனம் கண்ணாடி, ஒரு சொல் போதும் உடைப்பதற்கு என்று உருகினார். ஆகஸ்டில் அவளைத் திருடி என்று சொல்லிவிட்டு, அந்தப் புத்தகத்தையே வைத்து நவம்பரில் உருகியிருக்கிறார். தெரியாமல் நடந்த தப்பு என்று அதுவரை அவள் மனசின் ஒரு மூலை அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதுவும் வாயை மூடிக்கொண்டது.

உடனே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வாம்மா என்று கூடத்தில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, நினைவில்லையே என்று சொல்லி அனுப்பிவிடுவார். எண்ணூறு பேர் முன்னால் மைக்கில் சொன்னதைக் கூடத்தில் காப்பியோடு முடித்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை. புத்தகத்தை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இப்போது அவரே குடையோடு வந்து, தன் வாயில் போட வேண்டிய சொற்களை எழுதித் தா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மூன்று வாரம் அவள் வெறியோடு படித்தாள். ஒன்பது புத்தகங்களை உண்மையாகவே தேர்ந்தெடுத்தாள். தனியாகச் செய்யக் கூசுகிறதைக் கூட்டமாகச் சேர்ந்தால் மனுஷன் ஏன் கூசாமல் செய்கிறான் என்பது ஒன்று. மேலே இருப்பவர் சொன்னால் நல்லவனும் ஏன் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிகிறான் என்பது இன்னொன்று. கோபம், துக்கம், பழக்கம், பொய், பிள்ளை வளர்ப்பு என்று வரிசையாகப் போனது. நினைவைப் பற்றிய புத்தகத்தை இரண்டு தரம் படித்தாள். தான் செய்த கெடுதலை மனம் மெல்ல மெல்ல அழித்துவிட்டு, தனக்குச் சௌகரியமாக வேறு ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுமாம். நேருக்கு நேர் கேட்டால் சத்தியமாக இல்லையென்று சொல்லுமாம். ஒன்பதாவது புத்தகம் தீர்ப்புச் சொல்வதைப் பற்றியது. நம்முடைய தப்புக்கு நாம் வக்கீல், அடுத்தவன் தப்புக்கு நாம் நீதிபதி என்று அதில் அவள் படித்ததும் எழுந்து நின்றுவிட்டாள். அப்படியானால் அவரை முதலில் நீதிபதி நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். தீர்ப்பு வந்த பிறகுதான் குற்றவாளி யார் என்று சொல்ல வேண்டும்.

பத்தாவது புத்தகத்தை அவளே பிறப்பித்தாள். ஹாலந்து நாட்டு உளவியல் அறிஞர் ஒருத்தியின் பெயரைக் கற்பனையாக வைத்தாள். வாய்க்கால்களும் வயல்களும் நிறைந்த ஒரு கிராமம், பண்ணைக் கூலியின் மகள், பள்ளியில் காணாமல் போன ஒரு புத்தகம், பிரார்த்தனைக் கூட்டம், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும் தகப்பன், புத்தகத்தைத் தன் வீட்டு அலமாரியில் கண்டும் வாய் திறக்காத தலைமையாசிரியர். துண்டைத் தொப்பியாக்கியதைத் தவிர ஒன்றையும் மாற்றவில்லை. அவர் குறிப்பைப் படிக்கும்போதே பிடிபட்டுவிட்டால்? அந்தப் பயம் அவளுக்கு இருக்கத்தான் செய்தது. இரண்டு நாள் கழித்து அவர் போன் செய்து, பத்தாவதுதான் பிரமாதம், அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன் என்றார். போனை வைத்துவிட்டு அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

விழா அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மழை விட்டிருந்தது. வாசகர் வட்டத் தலைவர் ஜெக்கரியா, துபாயில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்து கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், மைக்கும் ஒலிபெருக்கியும் தானே கொண்டுவந்து கட்டினார். வேப்பமரத்துப் பக்கமாக ஒரு பெட்டி வேண்டும் என்று செம்மொழி கேட்டாள். மரத்தடியில் காக்காய்தானே உட்காரும் என்று கிண்டல் செய்துகொண்டே கட்டிக் கொடுத்தார். அப்பாவிடம் வயலுக்குப் போய்விட்டு அப்படியே வரச்சொல்லியிருந்தாள். வழக்கம்போல மரத்தடியில் வந்து நின்றார். வயலில் நின்ற மழைத் தண்ணீரை வடியவிட்டு வந்த காலில் சேறு காயவில்லை. உள்ளே நூற்றைம்பது பேர். போண்டா வாசனை வராந்தாவிலிருந்து வந்துகொண்டிருந்தது.

குஞ்சிதபாதம் அன்று உச்சத்தில் இருந்தார். ஒன்பது புத்தகங்களையும் ஒரு மணி நேரத்தில் ஊதித் தள்ளினார். பத்தாவதுக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இதை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் உறங்கவில்லை என்றார். அப்புறம் கதையைச் சொன்னார். குறிப்பில் இல்லாததெல்லாம் சேர்த்துச் சொன்னார். அந்தத் தகப்பனின் தொப்பி நடுங்கியது என்றார். அந்தப் பெண்ணின் கண்ணீர் மண்ணில் விழுந்த ஓசை கேட்டது என்றார். அந்தத் தலைமையாசிரியனை 'அவர்' என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை என்றபோது அரங்கம் கைதட்டியது. முன் வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செம்மொழிக்கு இருபத்தாறு வருஷப் பசிக்கு இலை போட்டுப் பரிமாறின மாதிரி இருந்தது.

பேச்சு முடிந்ததும் ஜெக்கரியா வாசகர்கள் கேள்வி கேட்கலாம் என்றார். செம்மொழி மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"சார், அந்தத் தலைமையாசிரியர் இன்னிக்கு உயிரோட இருந்தா என்ன செய்யணும்னு நெனைக்கிறீங்க?"

அவருக்குக் கேள்வி பிடித்திருந்தது. இன்னொரு தரம் கைதட்டல் வாங்க இடம் கிடைத்துவிட்டது.

"அந்தத் தகப்பன் முன்னால் போய் நிற்க வேண்டும்" என்றார், மேடைக் குரலில். "ஊர் கேட்க, உன் மகள் திருடவில்லை, குற்றவாளி நான் என்று சொல்ல வேண்டும். அதற்குக் குறைந்த எதுவும் பரிகாரமே அல்ல."

கைதட்டல் ஓயும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"பத்தாவது புத்தகம்னு ஒண்ணு கிடையாது சார். அது நான் எழுதுனது" என்றாள். "ஹாலந்துல நடக்கல. உங்க ஸ்கூல்ல நடந்துச்சு. அந்தப் பொண்ணு நான்தான்."

இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்திருந்த நீல அட்டைப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாள். முத்திரையைப் படித்தாள், சீட்டைப் படித்தாள், அவர் கொடுத்த சாக்கு மூட்டையில் வந்ததைச் சொன்னாள். முதலில் அவர் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தபடிதான் இருந்தார். சிரிப்பு எப்போது நின்றது என்று பார்க்க அவள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. சீட்டின் தேதியைப் படித்தபோது நின்றது.

நினைவில்லையே அம்மா, வயசாகிவிட்டது என்று அவர் முனகினார்.

"அப்ப வயசாகல சார். ஆகஸ்டுக்கும் நவம்பருக்கும் நடுவுல மூணு மாசம்தான்."

அப்போது வாசல் பக்கம் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அண்ணாதுரை படியேறி வந்துகொண்டிருந்தார். மிதியடியில் காலை மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டு, நடுவில் விட்டிருந்த வழியில் நடந்து மேடைக்குக் கீழே வந்து நின்றார். அப்பா உள்ளே வந்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் செம்மொழி நினைத்தாள்.

அவர் குஞ்சிதபாதத்தைத்தான் பார்த்தார்.

"ஐயா, அன்னிக்கு நான் இவகிட்ட ஒரு வார்த்த கேக்கல. வாத்தியாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன். இருபத்தாறு வருஷமா எம்புள்ளய திருடின்னே நெனச்சுக்கிட்டு, ராத்திரி அவ கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டு இருந்தேன்."

செம்மொழிக்கு இப்போதுதான் புரிந்தது. புள்ள தெரியாம எடுத்துருச்சுங்க என்று அவர் கெஞ்சியது டி.சி.க்குப் பயந்து இல்லை, நம்பித்தான். புத்தகமெல்லாம் பத்திரம் என்றதும் அதனால்தான். வேப்பமரத்தடியில் நின்ற மனுஷர் தன் அவமானத்துக்காக நிற்கவில்லை, மகள் செய்ததாக நினைத்த திருட்டுக்கு வெட்கப்பட்டு நின்றிருக்கிறார். ஒன்பது புத்தகங்களைக் கரைத்துக் குடித்து எதிரியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவள், கூடவே இருந்தவரைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது. ஒரு நாள் காலையைத்தான் இந்த ஆள் திருடினார் என்று இதுவரை நினைத்திருந்தாள். அப்பாவையே திருடியிருக்கிறார்.

குஞ்சிதபாதம் மேடையிலிருந்து இறங்கிக் கைகூப்பினார். அந்தக் கைகளுக்குள் அவள் பேனாவைத் திணித்தாள். சிறப்பு விருந்தினர்கள் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுகிற பார்வையாளர் பதிவேட்டை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"கும்புடெல்லாம் வேணாம் சார். எழுதுங்க."

நின்றபடியே எழுதினார். அண்ணாதுரை பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து வாசித்தார். காலத்தின் கோலத்தால் நேர்ந்த ஒரு வருந்தத்தக்க நிகழ்வுக்கு என் ஆழ்ந்த வருத்தம் என்று இருந்தது.

"இதுல எம்புள்ள பேரு இல்லியே. உங்க பேரும் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது தரம் குஞ்சிதபாதம் நாலு வரி எழுதினார். அதில் செம்மொழியின் பெயர் இருந்தது, புத்தகம் அவர் வீட்டில் இருந்தது என்பது இல்லை. அதையும் அண்ணாதுரை திருப்பிக் கொடுத்தார். போண்டா ஆறிக்கொண்டிருந்தது. எழுந்து போக ஒருத்தரும் துணியவில்லை. மூன்றாவது தரம் எழுதியதை அண்ணாதுரை இரண்டு முறை வாசித்தார். அப்புறம் மகள் மேசையில் வைத்திருந்த மைக்கை எடுத்து, குஞ்சிதபாதத்தின் வாய்க்குக் கிட்டே பிடித்தார்.

"படிங்க ஐயா."

"தெற்குத்தெரு அண்ணாதுரை மகள் செம்மொழி புத்தகத்தைத் திருடவில்லை" என்று குஞ்சிதபாதம் வாசித்தார். குரல் பாதியில் தேய்ந்தது. "அது என் வீட்டில் இருந்தது. எனக்குத் தெரிந்தும் நான் சொல்லவில்லை."

அண்ணாதுரை மைக்கை அவர் கையிலேயே கொடுத்தார். முன் வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"மரத்தடி வரைக்கும் கேட்டுருக்காது. இன்னும் சத்தமா. அன்னிக்கு சத்தமாத்தான் சொன்னீங்க."

ஜெக்கரியா ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார். குஞ்சிதபாதம் முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினார்.